ஸ்டிக் கைப்பிடி ஸ்விட்சுகளுக்கு ஒயரிங் செய்வது எப்படி?

கேள்வி இதுதான். சொந்தமாகக் கட்டும் அலுமினிய விமானம், இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமர்வது, ஆளுக்கொரு ஸ்டிக், அதாவது விமானத்தைக் கட்டுப்படுத்தும் கோல். இரண்டு கைப்பிடியிலும் ட்ரிம்முக்கு (ஸ்டிக்கை விடாமல் அழுத்திப் பிடிக்காமலே விமானம் நிலையாகப் பறக்க உதவும் அமைப்பு) நான்கு திசை ஹேட் ஸ்விட்ச், ரேடியோவில் பேச ஒரு பொத்தான், ஆட்டோபைலட்டை விடுவிக்க ஒரு பொத்தான், ஃப்ளாப்புக்கு (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் மடல்) மேல்-கீழ் ஸ்விட்ச். ஸ்டிக் குழாயையே கிரவுண்டாக வைத்துக்கொண்டு ஸ்விட்சுக்கு ஓர் ஒயர் இழுத்தால் போதுமா, ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ஸ்விட்ச்) கட்டாயமா, ஸ்டார்ட்டர் பொத்தானையும் அங்கே வைக்கலாமா, எந்த அளவு ஒயர் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நேரடிப் பதில். குழாயைக் கிரவுண்டாக நம்ப வேண்டாம், தனி கிரவுண்ட் ஒயர் இழுங்கள். ட்ரிம்முக்கும் ஃப்ளாப்புக்கும் ரிலே வேண்டும். ஸ்டார்ட்டர் பொத்தானைப் பேனலில் வையுங்கள். ஸ்டிக்குக்குள் 24 ஏ.டபிள்யூ.ஜி. (ஒயர் தடிமனின் அளவு, எண் கூடினால் ஒயர் மெலியும்), அதற்கு வெளியே 22. ஆனால் இந்தப் பதில்களை அப்படியே எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கிவிடாதீர்கள். விமானத்தின் மற்ற எல்லா ஒயரும் ஓரிடத்தில் கட்டுப்பட்டுக் கிடக்கும். ஸ்டிக்குக்குப் போகும் ஒயர்க்கட்டு மட்டும்தான் பறக்கும் நேரம் முழுக்க வளைந்துகொண்டே இருக்கிறது, அதுவும் ஒரு உலோகக் குழாய்க்குள். என்றைக்காவது மேலுறை உரசித் தேயும் ஒயர் ஒன்று உண்டென்றால் அது இங்கேதான் இருக்கும். அதனால் ஒவ்வொரு ஸ்விட்சையும் எடுத்துக்கொண்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த ஒயர் உரசிக் குழாயைத் தொட்டால் என்ன ஆகும்? இது அறுந்துபோனால் என்ன ஆகும்? சர்க்யூட்டை எப்படிப் போடுவது என்பது இந்த இரண்டு பதில்களிலிருந்துதான் வர வேண்டும்.

இந்தக் கேள்வி மிகவும் உறைப்பது ட்ரிம்மில். அதை விரிவாகப் பார்ப்போம்.

வழக்கமான ஹேட் ஸ்விட்ச் என்பது நான்கு சிறிய பொத்தான்களும் அவற்றுக்குப் பொதுவான ஓர் ஒயரும்தான். மோட்டாரை இரு திசையிலும் ஓட்ட வேண்டுமானால் அதன் இரண்டு ஒயரிலும் பாசிட்டிவையும் கிரவுண்டையும் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். அதை ஹேட் ஸ்விட்ச் தன்னால் செய்ய முடியாது. தவிர, அந்தச் சின்னத் தொடுமுனைகள் மோட்டார் மின்னோட்டத்துக்கு ஏற்றவையும் அல்ல. ட்ரிம் சர்வோ, அதாவது ட்ரிம்மை நகர்த்தும் சிறு மோட்டார், இழுப்பது ஒரு ஆம்பியருக்கும் குறைவுதான் என்றாலும், மோட்டாரைத் துண்டிக்கும்போது தொடுமுனையில் பொறி பறக்கும். டி.சி.யில் அந்தப் பொறி சட்டென்று அணையாது. நாளாக ஆகத் தொடுமுனை கருகும், மோசமான நாளில் ஒட்டிக்கொள்ளும். ட்ரிம் பொத்தான் ஒட்டிக்கொண்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே ட்ரிம் செய்யும் அச்சு ஒன்றுக்கு (மூக்கு மேல்-கீழ் ஒன்று, பக்கவாட்டு ஒன்று) இரண்டு ரிலே. மோட்டாரின் ஒவ்வொரு ஒயரையும் ஒரு ரிலேயின் பொது முனையில் இணையுங்கள். ரிலே ஓய்வில் இருக்கும்போது தொடும் முனை கிரவுண்டுக்கு, இழுத்தபின் தொடும் முனை ஃப்யூஸ் வழியாக 12 வோல்ட்டுக்கு. பொத்தானை அழுத்தாதபோது மோட்டாரின் இரண்டு ஒயரும் கிரவுண்டில் இருக்கும், அதனால் விரலை எடுத்தவுடன் மோட்டார் தன்னைத்தானே பிரேக் போட்டு நிற்கும். ஒரு ரிலே இழுத்தால் ஒரு பக்கம் ஓடும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த விஷயம்: நீங்கள் மூக்கை மேலே என்றும் பக்கத்தில் இருப்பவர் கீழே என்றும் ஒரே சமயத்தில் அழுத்தினால், இரண்டு ரிலேயும் இழுத்து, மோட்டாரின் இரு முனையும் 12 வோல்ட்டில் நிற்கும். வித்தியாசம் இல்லாததால் மோட்டார் நகராது. ஷார்ட் இல்லை, ஃப்யூஸ் போகாது. இதே வேலையை ரிலே இல்லாமல் இரண்டு ஸ்டிக்கிலிருந்தும் நேரடியாகச் செய்ய முயன்றால், அந்தத் தருணத்தில் நேரடி ஷார்ட் ஆகும் வாய்ப்பு உண்டு.

அப்புறம் ரிலே சுருளை எந்தப் பக்கத்திலிருந்து ஸ்விட்ச் செய்வது என்ற கேள்வி. பெரும்பாலானவர்கள் சுருளின் ஒரு முனையை நிரந்தரமாக 12 வோல்ட்டில் வைத்து, மறுமுனையைப் பொத்தான் வழியாகக் கிரவுண்டுக்கு இழுக்கிறார்கள். ஒயர் குறைவு, ஸ்டிக்குக்குள் சப்ளை வோல்ட்டேஜ் நேராகப் போகாது என்பதால் இது பாதுகாப்பு என்று தோன்றும். இப்போது முன்பு சொன்ன கேள்வியைக் கேளுங்கள். பொத்தானுக்குப் போகும் ஒயர் உரசிக் குழாயைத் தொட்டால்? பொத்தானை அழுத்தியதும் அதுவும் ஒன்றுதான். ரிலே இழுக்கும், ட்ரிம் ஓடும், கோடி வரை போய்த்தான் நிற்கும். ஃப்யூஸுக்கு இதில் வேலையே இல்லை, ஏனென்றால் மின்னோட்டம் வழக்கமான அளவுதான்.

இதையே திருப்பிப் போடுங்கள். சுருள்களின் ஒரு முனை நிரந்தரமாகக் கிரவுண்டில். ஹேட் ஸ்விட்சின் பொது ஒயருக்கு 1 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 12 வோல்ட். பொத்தானை அழுத்தினால் அந்த 12 வோல்ட் சுருளுக்குப் போகும். இப்போது பொது ஒயர் குழாயைத் தொட்டால் ஃப்யூஸ் போகும். ட்ரிம் இருந்த இடத்தில் நிற்கும். சுருளுக்குத் திரும்பும் ஒயர் தொட்டால், அழுத்தாதவரை ஒன்றும் ஆகாது. அழுத்தினால் ஃப்யூஸ் போகும். ட்ரிம் இல்லாமல் போவதைக் கையால் சமாளிக்கலாம். ஓடிப்போகும் ட்ரிம்மோடு மல்லுக்கட்டுவது வேறு கதை. அதனால் ட்ரிம்முக்கு நான் எப்போதும் இரண்டாவது முறையைத்தான் சொல்வேன்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. 12 வோல்ட் ஒயர் ஒன்று ஸ்டிக்குக்குள் வந்துவிட்டதால், அது ரேடியோ ஒயரோடு உரசி ஒன்றையொன்று தொட்டால் ரேடியோவின் உள்ளீடு கெட்டுவிடலாம். ட்ரிம் ஒயர்களைத் தனியாக ஓர் உறைக்குள்ளும் ரேடியோ, ஆட்டோபைலட் ஒயர்களை வேறோர் உறைக்குள்ளும் போட்டு இழுங்கள். உள்ளே வரும் 12 வோல்ட் ஒயர் எந்தத் திரும்பும் ஒயரைத் தொட்டாலும் ட்ரிம் ஓடும் என்பதும் மிச்சமிருக்கும் ஆபத்துதான். ஆனால் இரண்டு மேலுறைகள் ஒரே இடத்தில் தேய வேண்டும் என்பதால் அதன் வாய்ப்பு குறைவு.

சில ட்ரிம் கன்ட்ரோலர்கள், ஆட்டோபைலட் சர்வோக்கள் கிரவுண்ட் சிக்னலைத்தான் எதிர்பார்க்கும். அங்கே உங்களுக்குத் தேர்வு இல்லை. அப்படியானால் மோட்டாரின் சப்ளையை நேரடியாகத் துண்டிக்கும் ஒரு ஸ்விட்ச், அல்லது கையால் இழுக்கக்கூடிய பிரேக்கர், தேடாமல் கை போகும் இடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். உண்மையில் எந்த முறையாக இருந்தாலும் அது இருக்க வேண்டும். வேகத்தையும் கணக்கில் எடுங்கள். ட்ரிம் டேப் (மூக்கை ஏற்றி இறக்கும் வால்பகுதி எலிவேட்டரின் விளிம்பில் உள்ள சிறு மடல்) அதே கோணத்தில் இருந்தாலும் அது தரும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். இரண்டு மடங்கு வேகத்தில் நான்கு மடங்கு விசை. இறங்கும் வேகத்தில் மெதுவாகத் தோன்றும் சர்வோ, முழு வேகத்தில் ஒரு தொடுதலுக்கே குதிக்கும். வேகமான விமானமாக இருந்தால் சர்வோவின் வேகத்தைக் குறைக்கும் கன்ட்ரோலர் ஒன்று போடுவது செலவுக்குத் தகும்.

ரிலே சுருள் ஒவ்வொன்றுக்கும் குறுக்கே 1என்4001 போன்ற ஒரு சாதாரண டயோடு போடுங்கள், பட்டை உள்ள முனை பாசிட்டிவ் பக்கமாக. சுருளைத் துண்டிக்கும் நொடியில் அது எதிர்த்திசையில் நூற்றுக்கணக்கான வோல்ட் வரை எழுப்பும். அந்த அடி முழுக்க விழுவது கைப்பிடியில் உள்ள சின்னத் தொடுமுனைமேல்தான். டயோடைத் தலைகீழாகப் போட்டால் முதல் அழுத்தத்திலேயே ஃப்யூஸ் சொல்லிவிடும். ட்ரிம்முக்குச் சிறிய ரிலேக்களையே வாங்குங்கள். அவற்றின் சுருள் சில பத்து மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். கார்களில் வரும் கட்டை ரிலே 150 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கும்.

ஃப்ளாப்புக்கும் இதே இரட்டை ரிலே அமைப்புதான். மோட்டார் பெரியது, சில ஆம்பியர்கள் இழுக்கும் என்பதால் ரிலேயின் தொடுமுனையும் ஒயரும் ஃப்யூஸும் அதற்கேற்ப. இங்கே ரிலே பெரிதாக வேண்டும் என்பதால் கட்டை ரிலேயே சரி. ஃப்ளாப் ஸ்விட்சைக் கைப்பிடியில் வைப்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு: முழு ஃப்ளாப்போடு மெதுவாக இறங்கும்போது கட்டைவிரல் தவறுதலாகப் பட்டு ஃப்ளாப் ஏறினால் இறக்கைத் தூக்கல் சட்டென்று போகும். வைத்தே ஆக வேண்டுமென்றால், தானாக நடுவுக்குத் திரும்பும் ஸ்விட்சாக, ஹேட் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள்.

ரேடியோ பொத்தான் இதற்கு நேர் எதிர்: அங்கே மின்னோட்டமே இல்லை என்று சொல்லலாம். ரேடியோவின் ஓர் ஒயரைக் கிரவுண்டுக்கு இழுக்கிறது, அவ்வளவுதான். ஓடுவது சில மில்லி ஆம்பியர். இதிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பெரிய மின்னோட்டத்துக்கான வெள்ளித் தொடுமுனைகளில் காலப்போக்கில் ஒரு மெல்லிய படலம் படியும். ஆம்பியர் கணக்கில் ஓடும்போது அது எரிந்து சுத்தமாகிவிடும். மில்லி ஆம்பியருக்கு அந்தச் சக்தி கிடையாது, அதனால் ஒரு வருடம் கழித்து “அழுத்தினால் சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் இல்லை” என்ற நிலை வரும். ரேடியோ, ஆட்டோபைலட் பொத்தான்களுக்குத் தங்கமுலாம் பூசிய தொடுமுனை உள்ளதையே கேட்டு வாங்குங்கள். தடியான, கனமான ஸ்விட்ச் இந்த வேலைக்கு நல்ல ஸ்விட்ச் ஆகாது.

ரேடியோ பொத்தானுக்கு ஷீல்டு ஒயர், அல்லது முறுக்கிய இரட்டை ஒயர். கிரவுண்டும் ரேடியோ அல்லது இன்டர்காம் பக்கத்திலிருந்தே கூட வர வேண்டும். ஸ்டிக்குக்கு அடியில் கிடைத்த போல்ட்டில் மாட்டாதீர்கள். ட்ரிம் மோட்டாரின் மின்னோட்டம் ஓடும் பாதையை ரேடியோவும் பகிர்ந்துகொண்டால், ஹெட்செட்டில் மோட்டாரின் இரைச்சல் கேட்கும். இடது ஸ்டிக் பொத்தான் இன்டர்காமில் பைலட்டின் பின்னுக்கும், வலது அதற்கென உள்ள தனிப் பின்னுக்கும் போகட்டும். இரண்டையும் ஒன்றாக இணைத்தால் யாருடைய மைக்கைத் திறப்பது என்று இன்டர்காமுக்குத் தெரியாது. இந்த ஒயர் உரசினால் மைக் திறந்தே இருக்கும், அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாது. பல ரேடியோக்கள் சுமார் அரை நிமிடத்தில் தானாகவே நிறுத்திக்கொள்ளும். உங்களுடையது அப்படியா என்று அதன் கையேட்டில் பாருங்கள்.

ஆட்டோபைலட் விடுவிப்புப் பொத்தானில் ஆபத்து மறுபக்கம் இருக்கிறது. அது உரசினால் ஆட்டோபைலட் விட்டுவிடும், பரவாயில்லை. அறுந்தால்தான் பிரச்சினை, ஏனென்றால் அறுந்தது தேவைப்படும்வரை தெரியாது. அதனால் ஒவ்வொரு முறை கிளம்பும் முன்னும் தரையில் ஆட்டோபைலட்டைப் போட்டு, இரண்டு ஸ்டிக்கிலிருந்தும் விடுவித்துப் பாருங்கள். பொத்தான் சிவப்பாக இருக்கட்டும். அதற்குத் தனி கிரவுண்ட் ஒயர் கொடுங்கள், காரணத்தை அடுத்துச் சொல்கிறேன்.

பயணி பக்கத்து ஸ்டிக்கை முடக்க வசதி வேண்டும். பழக்கமில்லாத ஒருவர் உட்கார்ந்தால் கையோ முழங்காலோ தொடையோ பொத்தான்மேல் படும். நான் மேலே சொன்னபடி ட்ரிம், ஃப்ளாப் பொத்தான்களின் பொது ஒயரில் 12 வோல்ட் வருகிறது என்றால், வலது ஸ்டிக்கின் அந்த ஒரு ஒயரில் பேனலில் ஒரு ஸ்விட்ச் போதும். அதை அணைத்தால் அந்தப் பக்கத்து ட்ரிம்மும் ஃப்ளாப்பும் செத்துவிடும். ரேடியோவும் ஆட்டோபைலட் விடுவிப்பும் தங்கள் தனி கிரவுண்டில் இருப்பதால் தொடர்ந்து வேலை செய்யும். யார் உட்கார்ந்திருந்தாலும் அந்த இரண்டும் எப்போதும் உயிரோடு இருக்க வேண்டும்.

ஸ்டார்ட்டர் பற்றி இவ்வளவுதான்: ஸ்டார்ட்டரை இயக்கும் பெரிய ரிலேயான கான்டாக்டரின் சுருளே சில ஆம்பியர் இழுக்கும், கைப்பிடிப் பொத்தான் தாங்காது. ஒயர் உரசினாலோ விரல் பட்டாலோ, ஓடும் எஞ்சினில் ஸ்டார்ட்டர் பல்சக்கரம் போய் மோதும். அதைவிட, ப்ரொபெல்லர் பக்கத்தில் ஆள் நிற்கும்போது நடந்தால் உயிர் போகும். பேனலில் வையுங்கள்.

சரி, இனி ஒயரும் அது போகும் பாதையும். சர்க்யூட்டைக் கச்சிதமாக வரைபவர்கள்கூட இங்கேதான் அவசரப்படுகிறார்கள்.

ஒயர் எம்22759/16 வகை, நம்மவர்கள் டெஃப்செல் என்று சொல்வது. வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்பு, 150 டிகிரி தாங்கும் மேலுறை. பி.வி.சி. ஒயர் எரிந்தால் அடர்ந்த புகையும் ஹைட்ரஜன் குளோரைடும் வரும். மூடிய காக்பிட்டில் அது வேண்டாம். ஒற்றைக் கம்பி ஒயர் கூடவே கூடாது, வளைந்து வளைந்து முறிந்துவிடும். மின்னோட்டத்தைப் பார்த்தால் 26 ஏ.டபிள்யூ.ஜி.யே போதும். ஆனால் கையாளும்போதும் கிரிம்ப் செய்யும்போதும் (உலோக முனையை ஒயர்மேல் நசுக்கி இறுக்குவது) தாங்குவதற்காகத்தான் 24 என்கிறேன்.

கைப்பிடி ஸ்விட்சுகளில் சால்டர் செய்துதான் ஆக வேண்டும். சால்டர் இழைகளுக்குள் ஏறி ஒயரைக் கம்பிபோல விறைப்பாக்கும்; விறைப்பு முடியும் இடத்தில்தான் ஒயர் முறியும். கைப்பிடிக்குள் ஒயர் அசைவதில்லை என்பதால், ஒவ்வொரு முனைக்கும் ஹீட் ஷ்ரிங்க் போட்டு, கட்டைச் சேர்த்து ஓரிடத்தில் கட்டிவிட்டால் அங்கே பயமில்லை. அசையும் பகுதியில் மட்டும் சால்டர் இணைப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

அசையும் பகுதி எது? ஸ்டிக்கின் அடியில் இரண்டு அச்சுகள் இருக்கின்றன, ஒன்று முன்-பின் அசைவுக்கு, மற்றது பக்கவாட்டுக்கு. குழாயின் கீழ்ப்பகுதியில் அந்த அச்சுகளுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அங்கே துளையிட்டு ஒயரை வெளியே எடுங்கள். துளையின் விளிம்பை உள்ளும் வெளியும் மழித்து, குரோமெட் (விளிம்பை மூடும் ரப்பர் வளையம்) போடுங்கள். குழாய்க்கு உள்பக்க விளிம்பை மறந்துவிடுவது சகஜம். வெளியே வந்த கட்டு, அச்சோடு இணையாக ஒரு சாண் தூரம் ஓடட்டும். அப்போது ஸ்டிக் அசையும்போது ஒயர் ஒரே இடத்தில் மடிவதற்குப் பதில், அந்த நீளம் முழுக்க லேசாக முறுகும். துணியைப் பிழியும்போது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முறுக்கு பரவுவதைப் போலத்தான். இரு கோடியிலும் ரப்பர் வைத்த கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். வளைவுகளின் ஆரம், கட்டில் உள்ள தடித்த ஒயரின் விட்டத்தைப்போல் 10 மடங்காவது இருக்கட்டும் என்பது அமெரிக்க எஃப்.ஏ.ஏ.வின் 43.13-1பி சுற்றறிக்கை சொல்லும் அளவு.

தளர்வாக விடும் வளையம் வேறு எதையும் தொடக் கூடாது. ஸ்டிக்கின் அடியில் புஷ் ராடு (ஸ்டிக்கின் அசைவைக் கடத்தும் தண்டு), போல்ட் தலைகள், காட்டர் பின்களின் கூர்முனைகள் எல்லாம் இருக்கும். ஒயர் வளையம் ஒன்று புஷ் ராடு முனையில் சிக்கினால், ஸ்விட்ச் வேலை செய்யாமல் போவதோடு முடியாது, ஸ்டிக்கே சிக்கிக்கொள்ளும். முழு ஒயரிங் வேலையிலும் இதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது. சீட்டுக்கு அடித்தகட்டை மாட்டிய பிறகு இந்த இடம் கண்ணில் படாது என்பதால், மாட்டும் முன் விளக்கைப் பிடித்து, ஸ்டிக்கை நான்கு மூலைக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள்.

ஸ்டிக்கைக் கழற்ற வேண்டிய நாள் வரும், அதனால் கிளாம்புக்கு அப்பால் ஒரு 15 பின் டி-சப் கனெக்டர். சால்டர் வகை வேண்டாம், கடைந்தெடுத்த பின்களைக் கிரிம்ப் செய்யும் வகை. பின்களை ஒயரில் கிரிம்ப் செய்துவிட்டு, கனெக்டர் உடலில் செருகாமல் துளை வழியாக ஒவ்வொன்றாக இழுத்து, பிறகு செருகுங்கள். துளை சின்னதாகவே இருக்கலாம். 12 வோல்ட் வரும் பக்கத்தில் துளையுள்ள முனை, ஸ்டிக் பக்கத்தில் பின். அப்போது கழற்றி வைத்த நிலையில் எதுவும் எதிலும் பட்டு ஷார்ட் ஆகாது. டெஃப்செல் ஒயர் எல்லாமே பெரும்பாலும் வெள்ளை, கைப்பிடியோடு வரும் நிறங்களோ தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். இரண்டு முனையிலும் எண் போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

குழாயைக் கிரவுண்டாக ஏன் நம்பக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது உடற்பகுதியோடு இணைவது பேரிங், புஷ், கிரீஸ், பெயின்ட் வழியாக. மீட்டரில் இன்று இணைப்பு காட்டும், அடுத்த மாதம் காட்டாது.

சோதிப்பதற்கு வருவோம். கனெக்டரைக் கழற்றுங்கள். மீட்டரின் ஒரு முனையை ஸ்டிக் குழாயில் வைத்து, மறுமுனையால் ஒவ்வொரு பின்னையும் தொட்டபடி ஸ்டிக்கை முழு வட்டமாகச் சுழற்றச் சொல்லுங்கள். ஒரு தடவைகூட ஒலி வரக் கூடாது. பிறகு ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, அதற்குரிய இரண்டு பின்கள் மட்டும் இணைகின்றனவா, அந்த நிலையிலேயே ஸ்டிக்கை ஆட்டும்போது விட்டுவிட்டு வருகிறதா என்று பாருங்கள்.

மின்சாரம் கொடுத்தபின் முதலில் பார்க்க வேண்டியது ட்ரிம்மின் திசை. ஹேட் ஸ்விட்சைப் பின்னுக்கு இழுத்தால் மூக்கு மேலே. அதற்கு எலிவேட்டரின் ட்ரிம் டேப் கீழே இறங்க வேண்டும். டேப் கீழே போனால் காற்று எலிவேட்டரை மேலே தள்ளும் என்பதால் இது பார்ப்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். அதனாலேயே நன்றாகத் தெரிந்தவர்களும் தவறவிடுகிறார்கள். திசை மாறியிருந்தால் மோட்டாரின் இரண்டு ஒயரை இடம் மாற்றினால் போதும். ரே ஆலன் சர்வோக்களில் அந்த இரண்டுமே வெள்ளை. ஆரஞ்சு, பச்சை, நீலம் மூன்றும் நிலைகாட்டிக்கு. மோட்டார் ஒயர்களை இடம் மாற்றியபின் பேனலில் உள்ள நிலைகாட்டியும் சரியான பக்கம் நகர்கிறதா என்று தனியாகப் பாருங்கள், அது தானாக மாறாது.

அடுத்து இரண்டு ஸ்டிக்கிலும் எதிரெதிராக அழுத்துங்கள், டேப் அசையக் கூடாது. பைலட் பக்கத்து ட்ரிம்மை ஓடவிட்டு, துண்டிக்கும் ஸ்விட்சைக் கண்ணை மூடிக்கொண்டு தேடி அணைத்துப் பாருங்கள். கடைசியாக, எஞ்சினும் ரேடியோவும் ஓடும்போது பேசும் பொத்தானை அழுத்தி ட்ரிம் நிலைகாட்டியைக் கவனியுங்கள். அது துடித்தாலோ நகர்ந்தாலோ ரேடியோ அலை ட்ரிம் கன்ட்ரோலருக்குள் புகுகிறது. ஸ்டிக் ஒயரைக் குறை சொல்லும் முன் ஆன்டெனாவின் அடித்தட்டு இணைப்பையும் அதன் கேபிள் கனெக்டரையும் பாருங்கள், பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். அங்கே எல்லாம் சரியாக இருந்தால், கன்ட்ரோலருக்குப் போகும் ஒயரில் ஃபெரைட் வளையம் ஒன்றைப் போட்டு மறுபடி சோதியுங்கள்.